சாவி தட்டில், லாரி ரோட்டில்

அத்தியாயம் 3

குருவிநத்தம் மணிவண்ணனின் லாரி காணாமல் போன வெள்ளிக்கிழமை காலை, அதன் ஒரே சாவி ஐயனார் காலடியில் வெற்றிலை பாக்குத் தட்டில் இருந்தது. ஐம்பது பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்த ஐம்பது பேரும் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தபோது, லாரி நின்ற இடத்தில் நான்கு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஊரில் பாதிப் பேர், ஐயனாரே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். மீதிப் பேர், வண்டிக்கு வயரிங் செய்த வில்லியனூர் ஸ்டெல்லாதான் கள்ளச்சாவி போட்டு எடுத்துவிட்டாள் என்றார்கள். ஐயனாரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது. ஆகவே ஸ்டெல்லாவைத் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நாங்கள் ஸ்டெல்லாவின் கடையில் இருந்தோம். நாங்கள் என்றால், துப்பறியும் ஆண்டாள் மேடமும் அவருடைய உதவியாளனான ஜெயசீலன் என்கிற நானும். காணாமல் போன வண்டிகளை விசாரிக்கச் சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் மேடத்திடம் கொடுப்பார்கள். மேடம் யோசிப்பார். நான் கார் ஓட்டுவேன், டீ வாங்குவேன், அவ்வப்போது தப்பான ஆளைக் குற்றவாளி என்று சொல்வேன். மூன்றாவது வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

ஸ்டெல்லாவுக்கு முப்பது வயதிருக்கும். ஐ.டி.ஐ. படித்து, சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் ஷிப்டு பார்த்துவிட்டு, பைபாஸ் ஓரம் சொந்தமாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை போட்டவள். கடைக்கு வெளியே வண்டிகள் எதுவும் இல்லை. போன வாரம் வரை வரிசை கட்டி நின்றதாகப் பக்கத்து பஞ்சர் கடைக்காரர் சொன்னார்.

"சாவி எத்தன நாள் உங்ககிட்ட இருந்தது?" என்று கேட்டார் மேடம்.

"நாலு நாள்."

"டூப்ளிகேட் போட நாலு நாள் தாராளம்னு மணிவண்ணன் புகார்ல எழுதியிருக்கார்."

"நாலு நிமிஷம் போதும் மேடம். ஆனா நான் போடல." ஸ்டெல்லா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தாள். "போலீஸ்ல என்னை அடிப்பாங்கன்னு பயம் இல்ல. இன்னிக்கு நான் ஸ்டேஷன் படி ஏறிட்டா, நாளையிலேருந்து எந்த லாரிக்காரனும் சாவிய என் கையில குடுக்க மாட்டான். அதுதான் மேடம். சாவி குடுக்கலன்னா எனக்கு ஏது தொழிலு?"

மேடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. "அந்த வண்டியில நீங்க என்ன வேலை செஞ்சீங்கன்னு சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி. முடிஞ்சா இவருக்கும்" என்றார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பழைய எஞ்சின கழட்டிட்டு, ஒடைச்ச லாரியிலேருந்து வேற எஞ்சின் வாங்கி வெச்சாங்கண்ணே. பழசுல ஒரு கம்பி இருக்கும், இழுத்தா எஞ்சின் நின்னுடும். புதுசுல அது கெடையாது. டீசல் பம்புல கரண்ட்டு வால்வு. சாவி போட்டா கரண்ட்டு வரும், வால்வு தொறக்கும். சாவி எடுத்தா மூடிக்கும், எஞ்சின் நிக்கும்."

"சரி."

"ஆல்டர்னேட்டரும் மாறுது. பேட்டரிய சார்ஜ் பண்ணுமே, அது. அதுல ஒரு சின்ன வயரு டேஷ்போர்டு செவப்பு லைட்டு வழியா சாவி லைனுக்கு வரணும். நடுவுல நான் ஒரு டயோடு வெச்சேன்."

"டயோடு எதுக்கு?"

"உங்க வூட்டு மோட்டாருக்கு ஃபுட் வால்வு இருக்குதில்ல? மேல ஏறுன தண்ணி திரும்பிக் கீழ எறங்காம இருக்க? அது மாதிரி. கரண்ட்டு ஒரு பக்கம் போவும், திரும்பி வராது."

"திரும்பி வந்தா?" என்றார் மேடம்.

"வந்தா, சாவிய புடுங்கனாலும் எஞ்சின் நிக்காது மேடம். ஓடற எஞ்சின் ஆல்டர்னேட்டர சுத்தும், ஆல்டர்னேட்டரு அந்த வால்வுக்கு சோறு போட்டுக்கினே இருக்கும்."

மேடம் நோட்டுப் புத்தகத்தை மூடினார். கேஸ் திறக்கும்போது அவர் நோட்டை மூடிவிடுவார். இந்தப் பழக்கம் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

"நீங்க டயோடு வெச்சதுக்கு என்ன சாட்சி?"

ஸ்டெல்லா போனை நீட்டினாள். எந்த வண்டியில் வேலை முடித்தாலும் போட்டோ எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்பிவிடுவது அவள் வழக்கம். வண்டிக்காரர்கள் வீட்டுக்குப் போய்க் கையை வைத்துக் கெடுத்துவிட்டு, அவள் செய்த வேலை சரியில்லை என்று சண்டைக்கு வருவார்களாம். புதன்கிழமை தேதியில் போட்டோ தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே வியாழக்கிழமை மணிவண்ணனின் குரல் பதிவு. ஸ்டெல்லா அதை ஓடவிட்டாள்.

"இன்னாமா இது? சாவி போட்டதும் ரத்தக் கலர்ல லைட்டு எரியுது! நாளைக்கு ஐயனாருக்கு முன்னாடி பூஜ. அபசகுனமா இருக்குது, வந்து அத எடுத்துடு."

ஸ்டெல்லா எழுத்தில் பதில் அனுப்பியிருந்தாள். அது எரிந்தால்தான் சார்ஜ் ஏறும், ஸ்டார்ட் செய்ததும் தானாக அணைந்துவிடும், தயவுசெய்து கை வைக்காதீர்கள் அண்ணே. மணிவண்ணன் படித்திருக்கிறார். பதில் இல்லை.

"வண்டியில ஏறுங்க" என்றார் மேடம்.

"ஸ்டேஷனுக்கா?" ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கோயிலுக்கு."

ஐயனார் கோயில் குருவிநத்தத்தின் கோடியில், ஆற்றுக்குப் போகும் மண் பாதையோரம் இருந்தது. பூசாரி பக்கிரி எங்களுக்காகக் காத்திருந்தார். லாரி சாவி இன்னும் சாமி காலடியிலேயே கிடந்தது. பூஜை பாதியில் நின்றுபோனதால் எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. போலீஸ்காரர்களும் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஐயனாருக்கு ஹெவி லைசென்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"அவருக்குக் குதிரை இருக்குது" என்றார் பக்கிரி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் தோரணையில்.

மேடம் குறுக்கே வந்தார். "வெள்ளிக்கிழம நடந்தத வரிசையா சொல்லுங்க."

"பத்தரைக்கு ராகு காலம். பத்தேகாலுக்கு மணிவண்ணன் வண்டிய கொண்டாந்து இங்க நிறுத்தனாரு. ராகு காலம் வந்துடப் போவுது, சீக்கிரம் வாய்யான்னு நான் உள்ளேருந்து சத்தம் போட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. சாவிய எடுத்துனு ஓடியாந்து தட்டுல போட்டாரு. எல்லாரும் உள்ள வந்துட்டோம். தீபாராதன காட்டி, விபூதி குடுத்து, வெளிய வந்தா வண்டி இல்ல."

"உள்ள இருக்கும்போது வெளிய என்ன சத்தம் கேட்டது?"

"மேளம் உள்ளயே அடிச்சாங்க. வெளிய ஜெனரேட்டர் ஓடிக்கினு இருந்திச்சி."

"எதுக்கு ஜெனரேட்டர்?"

"மைக் செட்டுக்குத்தான்."

"மைக் செட் யார் போட்டது?"

பக்கிரி வாயைத் திறந்தார். மூடினார். கோயில் கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மைக் செட் போடலியேம்மா. வண்டி பூஜைக்கு எவன் மைக் செட் போடுவான்?"

"அப்போ ஜெனரேட்டர்?"

"அதும்... இல்ல." அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஆனா கேட்டுச்சும்மா! எல்லாருக்கும் கேட்டுச்சு!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேஸ் முடிந்துவிட்டது. மேடத்தை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன். "மணிவண்ணன்தான் மேடம். செவப்பு லைட்டையும் டயோடையும் புடுங்கிட்டு ரெண்டு வயரையும் முறுக்கிவிட்டிருக்கார். சாவிய எடுத்தாலும் எஞ்சின் ஓடுது. அம்பது பேர் பார்க்க சாவிய சாமிகிட்ட வெச்சுட்டு, வெளிய ஆள வெச்சு வண்டிய கடத்திட்டார். இன்சூரன்ஸ் மோசடி. சாமிய சாட்சிக்கு இழுத்தது தனி குத்தம்."

"முதல் பாதி சரி" என்றார் மேடம். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாதி இதுதான். "ரெண்டாவது பாதிக்கு அங்க பாரு."

கோயிலின் குட்டை மதில் மேல் நான்கு எலுமிச்சம்பழங்கள் வரிசையாக இருந்தன. குங்குமம் வைத்தவை. மூன்று நாள் வெயிலில் தோல் சுருங்கியிருந்தது, ஆனால் ஒன்றுகூட நசுங்கவில்லை.

"இத யார் இங்க வெச்சது?" என்று மேடம் பூசாரியைக் கேட்டார்.

"தெரியலம்மா. வெளிய வந்து பார்க்கும்போதே அங்க இருந்திச்சி. சக்கரத்துல வெச்ச பழம், யாரு தொடுவாங்க? போலீஸ்காரங்களும் சுத்திக்கினுதான் போனாங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஜெயசீலா, நீ ஒரு வண்டிய திருடற. எஞ்சின் ஓடிட்டிருக்கு. உள்ள அம்பது பேர். என்ன பண்ணுவ?"

"ஏறி உக்காந்து பறப்பேன்."

"பழம்?"

"நசுங்கிப் போவும். எனக்கென்ன?"

"இந்த ஆள் குனிஞ்சு, நாலு சக்கரத்துலேருந்தும் பழத்த எடுத்து, வரிசையா மதில் மேல வெச்சுட்டுதான் வண்டிய எடுத்திருக்கு. பழம் நசுங்கினா பூஜ முடிஞ்சதுன்னு அர்த்தம். செவப்பு லைட்டுக்கே பயந்த மணிவண்ணன், பூஜ முடியாத வண்டிய ரோட்டுல அனுப்புவாரா? செத்தாலும் மாட்டார். இது, இந்த வண்டிக்குப் பூஜ முடியவே கூடாதுன்னு நெனச்ச ஒருத்தர்."

பக்கிரி பெருமூச்சு விட்டார். "அன்னிக்கு எல்லாமே கோளாறும்மா. பொங்கல்கூட அடிபுடிச்சுப் போச்சு."

மேடம் சட்டென்று நின்றார். "பொங்கல் யார் வெச்சது?"

"மணிவண்ணன் சம்சாரம், செல்வகுமாரி. பின்னால புளியமரத்தடியில வெச்சிச்சி. ஊர்ல எந்த விசேஷம்னாலும் அதுதான் வைக்கும். பத்து வருசத்துல ஒரு தடவ அடிபுடிச்சதில்ல."

மேடம் பூசாரியிடம் லாரி சாவியைக் கேட்டார். சாமி காலடியிலிருந்து எடுப்பதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார் பக்கிரி. திருவிழா நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஐயனாரிடமிருந்து சாவி ஒன்று பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேடம்.

மணிவண்ணனின் வீட்டை அடைந்தபோது மணி ஒன்றரை. மாடி வீடு. பின்புறம் வாய்க்கால், அதற்கப்பால் ஆளை மறைக்கும் கரும்பு. மணிவண்ணன் வெள்ளை வேட்டியில் எங்களை எதிர்கொண்டார். காருக்குள் ஸ்டெல்லாவைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "இந்தப் பொண்ண எதுக்கு மேடம் என் வூட்டுக்கு இட்டாந்தீங்க?"

மேடம் லாரி சாவியை எடுத்துக் கூடத்து மேஜை மேல் வைத்தார். "எஞ்சின் ஓடிட்டிருக்கும்போதே சாவிய எடுத்துட்டு உள்ள போயிட்டீங்க. ஏன் ஆஃப் பண்ணல?"

மணிவண்ணன் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"செவப்பு லைட்ட நான்தான் எடுத்தேன். கூட கறுப்பா ஒரு துண்டு இருந்திச்சி, அதையும் வெட்டிட்டு வயர முறுக்கிவுட்டேன். அதுலேருந்து சாவிய எடுத்தாலும் நிக்கல. கியர்ல போட்டு பிரேக்க அமுத்தினா குலுங்கி செத்துப் போவும், அப்படித்தான் நிறுத்தினு இருந்தேன்."

"அன்னிக்கு?"

"சாமிக்கு எதுர்ல எஞ்சின சாவடிக்கச் சொல்றீங்களா? புது எஞ்சினு மேடம்! ராகு காலம் வேற வருது. ஓடட்டும்னு வுட்டுட்டு உள்ள ஓடனேன். இத சொன்னா இன்சூரன்ஸ் தர மாட்டாங்க."

"அதனால இந்தப் பொண்ணு மேல பழி. நாலு மணிக்கு அவங்க ஸ்டேஷன்ல இருக்கணும்."

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

மேடம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "மணிவண்ணன், வெளிய போய் சப்-இன்ஸ்பெக்டருக்கு போன் போடுங்க. இப்ப எங்ககிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. டூப்ளிகேட் சாவி கதைய வாபஸ் வாங்கறதா சொல்லுங்க. இல்லாட்டி பொய்ப் புகார்னு நானே எழுதித் தரேன்."

அவர் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். சமையலறையிலிருந்து செல்வகுமாரி வந்தாள். நாற்பது வயது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, காரிலிருந்து இறங்கி வாசலில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணையா புடிச்சினு போறாங்க? எனக்குச் சத்தியமா தெரியாதுக்கா. அவரு ஒண்ணும் சொல்லல."

"உக்காருங்க" என்றார் மேடம். "பொங்கல் கிளறாம கால் மணி நேரம் இருந்தா அடிபுடிக்கும். கால் மணி நேரத்துல லாரிய ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு, நடந்து திரும்பி வரணும். அப்ப வண்டி ரொம்ப தூரம் போயிருக்காது. ஒருதரம் எஞ்சின் நின்னுட்டா சாவி இல்லாம திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அப்ப வண்டி அங்கேயேதான் இருக்கும். போலீஸ் திண்டிவனம் வரைக்கும் தேடிட்டிருக்காங்க. உங்க கரும்புக்கு யார் தண்ணி கட்டறது?"

"நான்தான்." செல்வகுமாரி முகத்தை மூடிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. அவளுக்குப் பேச வேண்டியிருந்தது, கேட்க இப்போதுதான் ஆள் வந்திருந்தது. "அப்பா வூட்டுல டிராக்டர் ஓட்டியிருக்கேன். கரும்புக்கு நடுவுல வண்டிப் பாத வுட்டிருக்கோம். சக்கர மில்லுலேருந்து வெட்டு ஆர்டர் வர வரைக்கும் அங்க யாரும் வர மாட்டாங்க."

"ஏன்?"

அவள் பின்கட்டைக் காட்டினாள். அங்கே ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த கரும்பு இலைச் சோகையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டைக் காலைக் கழற்றிக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்.

"என் தம்பி அருள்முருகன். இந்த லாரிக்கு அவன்தான் டிரைவர். போன வருசம் ஆத்து மணல் ஏத்திக்கினு கர ஏறும்போது பழைய எஞ்சின் நின்னுபோச்சு. வண்டி பின்னால உருண்டுச்சி. இவன் குதிச்சான், கால் உள்ள போயிடுச்சி. கட்டக் கால் வெச்சாச்சே, ஓட்டலாம், இனிமே எஞ்சின் நிக்காதுன்றாரு அவரு. பூஜ முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே திரும்ப மணல் ஏத்த ஆத்துல எறக்கறதா பேச்சு." செல்வகுமாரியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "எஞ்சின மாத்தனாரு. டிரைவர மாத்தல. அவனுக்கு இன்னும் ஒரு காலுதான்க்கா இருக்குது. பொங்கல் கிளறிக்கினு இருந்தேன், வண்டி சத்தம் கேட்டுச்சு, யாருமே இல்ல. பழத்த எடுத்து வெச்சேன். ஏறிட்டேன்."



செல்வகுமாரி மேஜைக்கு வந்தாள். "சாவிய குடுங்கக்கா. நானே எடுத்தாந்து போலீஸ்ல வுட்டுடறேன். என்னால ஒரு பொண்ணு பொழப்பு கெடக் கூடாது."

மேடம் சாவியை எடுத்தார். அவளிடம் கொடுக்கவில்லை, ஸ்டெல்லாவிடம் நீட்டினார். "பயிருக்குள்ள போய் வயர சரி பண்ணுங்க. செல்வகுமாரி, நீங்க வழி காட்டுங்க. நானும் ஜெயசீலனும் வாய்க்கால் கரையிலயே இருக்கோம். கரும்புச் சோக எனக்கு அலர்ஜி."

மேடத்துக்கு அலர்ஜி இருப்பது எனக்குத் தெரியாது. பத்து நிமிட வேலைக்கு ஸ்டெல்லாவுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஒருமுறை காருக்கு ஓடிவந்து, பையிலிருந்து சின்ன சுவிட்ச் ஒன்றையும் கொஞ்சம் வயரையும் எடுத்துக்கொண்டு போனாள். டயோடு பொருத்த சுவிட்ச் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

மூன்று மணிக்குக் கரும்புக்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு, சாவியைத் திருப்பியதும் பட்டென்று நின்றது.

சப்-இன்ஸ்பெக்டரிடம் போனில் ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த மணிவண்ணன், தன் கரும்புக்குள் தன் லாரி நிற்பதைப் பார்த்துச் சிலையாகிவிட்டார். மேடம் அறிக்கையை அவர் எதிரிலேயே படித்துக் காட்டினார். வண்டி உரிமையாளரின் சொந்த நிலத்திலேயே சேதமில்லாமல் கிடைத்தது, இழப்பீடு எதுவும் இல்லை, ஓட்டி வந்தவர் யார் என்று நேரில் பார்த்த சாட்சி இல்லை.

"சாவி சாமிகிட்ட இருந்திச்சி" என்றார் மணிவண்ணன் மெதுவாக. "பழம் நசுங்கல. வண்டி என் கொல்லைக்கே வந்துடுச்சி." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயனாரப்பா."

யாரும் மறுக்கவில்லை. ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டார். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் காரின் ஹாரனைச் சரி செய்ய ஸ்டெல்லாவின் கடைக்குப் போனேன். வாசலில் ஏழு வண்டிகள் நின்றன. மேஜை டிராயருக்குள் ஏழு சாவிகள். அவள் போன் அடித்தது. மணிவண்ணன். கையில் கிரீஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஸ்டெல்லாம்மா, வண்டி பகல்ல நல்லா ஓடுது. கரும்பு ஏத்தறேன், செங்கல் ஏத்தறேன், ஒரு கொறயும் இல்ல. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது. காலையில தானா ஆவுது. இது இன்னா மாயம்?"

"ஆறு மணிக்கு வண்டி எங்கண்ணே நிக்கும்?"

"வூட்டுலதான். வந்ததும் உன் அண்ணிதான் உள்ள தண்ணி தெளிச்சு ஊதுவத்தி கொளுத்திட்டு வரும். காலையிலயும் அதுதான் மொத ஆளா ஏறி சாமி கும்புடும். பக்தி வந்துடுச்சி அவளுக்கு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ஹாரனைப் பார்த்தேன்.

"வயரிங்ல ஒண்ணும் இல்லண்ணே. பூஜ பாதியில நின்ன வண்டி. ராத்திரியில எடுக்கறது ஐயனாருக்குப் புடிக்கல போல."

"அப்போ திரும்ப ஒரு பூஜ போட்டுடட்டுமா?"

"போடுங்கண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "பொங்கல் மட்டும் அண்ணியே வைக்கட்டும்."